தடைக்காலத்தில் கிழிந்த ஜவ்வு: ஒரு ஸ்டாப்பர் பேக்கின் நிகழ்வு ஆய்வு

பாம்பன், மண்டபம் வட்டாரத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றில் பிறந்து, கால்பந்தில் சம்பளம் வாங்கி ஆடும் அளவுக்கு வளர்ந்த ஒரு பெண்ணுக்கு 19 வயதில் முட்டி ஜவ்வு கிழிந்தது. கிழிவதற்கு முன்பு என்ன இருந்தது, அதன் பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் என்ன முடிவெடுத்தோம், எது சரியாக வந்தது, எது தவறிப் போனது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து அவளுக்குப் பயிற்சி கொடுத்த அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியை நான். நடந்த தவறுகளில் இரண்டு என்னுடையவை. அவளுக்கும் அவள் பெற்றோருக்கும் முழுவதையும் வாசித்துக் காட்டி, "போடுங்க மிஸ், நாலு பிள்ளைங்களுக்கு உதவட்டும்" என்று அவள் சொன்ன பிறகே வெளியே தருகிறேன். பெயர், ஊர், கிளப், மருத்துவமனை எதையும் குறிப்பிடவில்லை.

பின்னணி

அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். அம்மா பாசி எடுக்கப் போகிறவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, தீவு ஓரத்துப் பாறைகளில் மூச்சடக்கி மூழ்கிப் பாசி பறிக்கிற வேலை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் அந்த வேலைக்கும் கெடுபிடி அதிகம். வீட்டில் மூன்று பிள்ளைகள். இவள் நடுவில் பிறந்தவள்.

எங்கள் பள்ளி மைதானம் முழுக்க மணல். ஒரு பக்கம் சீமைக்கருவேல வேலி, மறுபக்கம் நான்கு பனைமரம். பந்து ஒழுங்காக உருளாது, துள்ளவும் துள்ளாது. அந்த மணலில் ஓடி ஓடித்தான் எங்கள் பிள்ளைகளுக்குக் கால் வலுவாகிறது என்று நான் பல வருஷம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெருமைக்குப் பின்னால் ஒரு குறை இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எல்லாப் பிள்ளைகளையும் போல அவளும் ஃபார்வர்டாகத்தான் வந்தாள். ஏழாம் வகுப்பில் ஒரு நாள் ஆள் குறைந்ததால் பின்னால் நிறுத்தினேன். எதிரே வந்தவள் இவளைவிட மூன்று வயது பெரியவள், நல்ல வேகக்காரி. பின்னால் நிற்கும் பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் தவறு, பயத்தில் முன்னே பாய்ந்து காலை விடுவது. இவள் விடவில்லை. உடம்பைப் பாதி திருப்பி, ஒரு தோளை எதிராளி பக்கமும் ஒரு தோளை நம் கோல் பக்கமும் வைத்துக்கொண்டு, இரண்டடி இடைவெளி விட்டு, பின்னாலேயே நகர்ந்து போனாள். பந்தை மட்டும் பார்த்தாள். அந்தப் பெரிய பெண் இரண்டு முறை காலை ஆட்டிக் காட்டினாள், இவள் அசையவில்லை. மூன்றாவது தொடுதலில் பந்து அரையடி கூடுதலாக நகர்ந்தது. அப்போதுதான் கால் நுனியை வைத்து பந்தை ஓரத்துக்குத் தட்டிவிட்டாள். யாரும் சொல்லித் தராமல் அதைச் செய்த பிள்ளையை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து அவள் ஸ்டாப்பர், அதாவது நம் கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கிறவள்.

2018 பிப்ரவரியில் தமிழ்நாடு மகளிர் அணி மணிப்பூரைத் தோற்கடித்து முதன்முறையாக தேசிய சாம்பியன் ஆனது. 2019-ல் மதுரையின் சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக் கோப்பையை வென்றது. இந்த இரண்டு செய்தியையும் நாளிதழிலிருந்து கத்தரித்து அவள் அம்மாவிடம் காட்டினேன். "இதுக்கெல்லாம் சம்பளம் தருவாங்களா டீச்சர்?" என்று கேட்டார். தருவார்கள் என்று சொன்னேன். விளையாட்டு விடுதித் தேர்வுக்கு அனுப்பச் சம்மதித்தது அந்தப் பதிலை நம்பித்தான். ஆகையால் அவளுடைய சம்பளத்தைப் பற்றிக் கவலைப்படுகிற பொறுப்பு எனக்கு அன்றே வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

விடுதியில் சேர்ந்தாள். கொரோனாவில் விடுதி மூடியபோது ஊருக்கு வந்து ஒன்றரை வருஷம் தனியாக மணலில் ஓடினாள். அப்புறம் மறுபடி விடுதி, மாநில ஜூனியர் அணி, பள்ளி முடித்ததும் வெளிமாநிலக் கிளப் ஒன்றில் லீக் ஒப்பந்தம்.

ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு விளக்கம். 2023-24 சீசனிலிருந்து லீக் அணிகள் ஒவ்வொன்றும் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் சம்பளம் தர வேண்டும் என்று அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்பு விதி கொண்டுவந்தது. நல்ல விதி. ஆனால் ஓர் அணியில் 25 பேர்கூட இருப்பார்கள். இவள் அந்த பத்துப் பேருக்குள் வரவில்லை. டிசம்பர் முதல் மார்ச் வரை நான்கு மாதம், அவ்வளவுதான் ஒப்பந்தம். ஏப்ரல் 1-ம் தேதி அவள் எந்தக் கிளப்பின் வீராங்கனையும் இல்லை.

சீசன் முடிந்து ஊர் வந்தபோது கண்டவை

லீக் முடிந்து அவள் ஊர் வந்த இரண்டாவது வாரம் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அரசு நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். அப்பா வலை பின்னிக்கொண்டு வீட்டில் இருந்தார். மகள் சம்பளமும் நின்றிருந்தது. ஒரே வீட்டில் இரண்டு தடைக்காலம்.

அப்போது நான் கண்ணால் பார்த்தும் மனதில் வாங்கிக்கொள்ளாத விஷயங்கள்:

சீசனில் கடைசி அரைமணி நேரம் கால் கனக்கிறது என்று அவளே சொன்னாள். ஐந்து ஆட்டத்தில் மூன்றில் 60-வது நிமிடத்துக்கு மேல் மாற்றியிருக்கிறார்கள். "ஸ்டாமினா போதாது" என்பது கிளப் சொன்ன காரணம். நானும் அதையே நம்பி, காலையில் கூடுதலாக ஓடச் சொன்னேன். அவள் கண்ணின் கீழ் இமை உட்புறம் வெளுத்திருந்தது. பனைமர நிழலில் உட்கார்ந்து பேசும்போது அதைப் பார்த்தேன், பயணக் களைப்பு என்று விட்டுவிட்டேன்.

ஊரில் அவளுக்கு ஜிம் இல்லை, கூட ஆட ஆள் இல்லை. சீசன் இல்லாத மாதங்களில் என்ன பயிற்சி செய்ய வேண்டும் என்று கிளப்பிலிருந்து ஒரு தாள்கூட வரவில்லை. அவர்களைத் தனியாகக் குறை சொல்ல மாட்டேன், நான் விசாரித்த மற்ற பெண்களுக்கும் இதே நிலைதான். விடியற்காலையில் கடற்கரையில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம், மாலையில் சுவரில் பந்தை அடித்துப் பழகுவது. இரண்டு மாதமாக அவள் யாரையும் எதிர்த்து ஆடவே இல்லை. சட்டென்று நின்று திரும்புகிற அசைவே அவள் உடம்புக்கு மறந்திருந்தது.

இந்த நிலையில்தான் பக்கத்து மாவட்டத்தில் ஒரு செவன்ஸ் போட்டி, அணிக்கு ஏழு பேர் ஆடுவது. ஒரு அணி 'கெஸ்ட்' ஆட்டக்காரியாக இவளைக் கேட்டது. ஒரு நாள் ஆடினால் வீட்டுக்கு இரண்டு வாரச் சாமான் வாங்கும் அளவுக்குப் பணம். என்னிடம் கேட்டாள். போகலாம் என்று சொன்னதும், பஸ்ஸில் கூட்டிப் போனதும் நான்தான். அது என் முதல் தவறு.

காயம்

மே மாத வெயில். காய்ந்து இறுகிய செம்மண் தரை, தூசிக்காக ஆங்காங்கே தண்ணீர் தெளித்திருந்தார்கள். ஒரே நாளில் மூன்றாவது ஆட்டம். யாரும் அவளை மோதவில்லை. எதிரணி ஃபார்வர்ட் ஓரத்திலிருந்து உள்ளே வெட்டினாள், இவள் பின்னால் நகர்ந்துகொண்டே இடுப்பைத் திருப்பி வலது காலை ஊன்றினாள். கால் ஊன்றிய இடத்திலேயே நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. முட்டி உட்பக்கமாக மடிந்ததை நான் கோட்டுக்கு வெளியே இருந்தே பார்த்தேன்.

"மிஸ், உள்ள டொப்புனு ஒரு சத்தம் கேட்டுச்சு." கீழே உட்கார்ந்தவள் முதலில் சொன்ன வார்த்தை இது.

ஏ.சி.எல். என்று சொல்லும் முன் சிலுவை ஜவ்வு கிழிவதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. மோதலே இல்லாமல் திரும்பும்போது அல்லது குதித்து இறங்கும்போது வருவது, உள்ளே சத்தம், சில மணி நேரத்துக்குள் வீக்கம். பெண் ஆட்டக்காரர்களுக்கு ஆண்களைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு அதிகமாக இந்தக் காயம் வருகிறது என்பதும் எனக்குத் தெரியும், பயிற்சி முகாமில் படித்ததுதான். இருந்தும் நான் என்ன செய்தேன்? ஐஸ் வைத்தேன், ஸ்ப்ரே அடித்தேன், எழுந்து நடந்து பார்க்கச் சொன்னேன். நடந்தாள். பத்து நிமிடம் கழித்து "ஆடுறேன் மிஸ்" என்றாள். சரி என்றேன்.

இரண்டு நிமிடத்தில் அதே முட்டி மறுபடி விலகி விழுந்தாள். இது என் இரண்டாவது தவறு, முதலாவதைவிடப் பெரியது. பின்னால் ஸ்கேனில் ஜவ்வோடு சேர்த்து முட்டிக்குள் இருக்கும் மெத்தைக் குருத்தெலும்பிலும் சின்னக் கிழிசல் தெரிந்தது. முதல் விழுகையில் வந்ததா, இரண்டாவதில் வந்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த "சரி"யை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதே முட்டி இளநீர்க் காய் போல வீங்கிவிட்டது. விரலை வைத்து அழுத்தினால் தோல் உள்ளே போகாமல் இறுகி நின்றது. இவ்வளவு சீக்கிரம் வரும் வீக்கம் நீர் அல்ல, பெரும்பாலும் மூட்டுக்குள் கசிந்த ரத்தம்.

மறுநாள் வீட்டில் எண்ணெய்க் கட்டுப் போட நாட்டு வைத்தியரிடம் அழைத்துப் போனார்கள். எலும்பு முறிவுக்கு அங்கே போய்ப் பலருக்கும் சரியாகியிருக்கிறது, அதனால் அந்த நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்தது. வலியும் போனது. எல்லாரும் சரியாகிவிட்டது என்று நினைத்தோம். இந்தக் காயத்தில் ஏமாற்றுவதே இதுதான். ஜவ்வு அறுந்திருந்தாலும் நேராக நடக்கலாம், மெதுவாக ஓடக்கூடச் செய்யலாம். மூன்றாவது வாரம் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கிப் பக்கவாட்டில் திரும்பியபோது முட்டி மறுபடி விலகியது. அப்போதுதான் ராமநாதபுரம் போனோம்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. மருத்துவர் முட்டியைக் கொஞ்சம் மடக்கி, தொடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கீழ்க்காலை மறு கையால் முன்னே இழுத்துப் பார்த்தார். நல்ல காலில் ஓர் இடத்தில் பிடித்து நின்றது. அடிபட்ட காலில் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. அவர் சொல்வதற்கு முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அதை உறுதி செய்தது.

எடுத்த முடிவுகள்

முதல் கேள்வி, அறுவை சிகிச்சை வேண்டுமா? ஏ.சி.எல். கிழிந்த எல்லாருக்கும் வேண்டியதில்லை, தசையை வலுவாக்கிக்கொண்டு சாதாரண வாழ்க்கை நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஸ்டாப்பரின் வேலையே பின்னால் நகர்ந்து திரும்புவது. அவளுக்குப் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே முட்டி விலகுகிறது. தொடர்ந்து ஆட விரும்பினால் செய்துகொள்வது நல்லது என்று மருத்துவர் சொன்னார். ஆட விரும்புகிறாயா என்று அவளிடம் தனியாகக் கேட்டேன். "வேற என்ன மிஸ் செய்யட்டும்" என்றாள். அது பதில் இல்லை, இரண்டு நாள் கழித்து வந்து சொல் என்று அனுப்பினேன். மறுநாளே வந்து, ஆட வேண்டும் என்றாள்.

இரண்டாவது திருப்பம் நாங்கள் எதிர்பார்க்காதது. மதுரையில் ஓர் அரசு மருத்துவமனையில் செய்வதாக முடிவாகி, ரத்தப் பரிசோதனை செய்தபோது ஹீமோகுளோபின் 8.9. அவள் வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் குறையக் கூடாது. இப்படி இருக்கும்போது அவசரமில்லாத அறுவை சிகிச்சை வேண்டாம் என்று மயக்க மருந்து மருத்துவர் தள்ளிவைத்தார்.

அந்த எண்ணைப் பார்த்தபோது அவளுடைய முழு சீசனும் எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. 60-வது நிமிடக் கால் கனம், வெளுத்த இமை, மூச்சு வாங்கல். ஸ்டாமினா குறைந்த பெண்ணை அல்ல, ரத்தசோகை உள்ள பெண்ணை நாங்கள் ஓட ஓட விரட்டியிருக்கிறோம். களைத்த காலுக்குத் தரையில் சரியாக ஊன்றும் கட்டுப்பாடு குறையும். காயத்துக்கு இதுவே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, பங்கு இல்லை என்றும் சொல்ல மாட்டேன். தினமும் மீன் இருக்கிற வீட்டில் எப்படி ரத்தசோகை என்று அம்மா அழுதார். விசாரித்தால், மாதவிலக்கு எட்டு நாள் நீடிப்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கிளப் விடுதியில் காலைச் சாப்பாட்டைப் பல நாள் தேநீரும் பன்னுமாக முடித்திருக்கிறாள்.

இரும்புச்சத்து மாத்திரை தொடங்கியது. முதல் மூன்று வாரம் மாத்திரையைத் தேநீரோடு விழுங்கியிருக்கிறாள். தேநீர் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சைத் தண்ணீரோடு மாற்றினோம். மாதவிலக்குக்குப் பெண் மருத்துவரிடம் தனியாகக் காட்டினோம். எட்டு வாரத்தில் 11.4 ஆனது.

அந்த எட்டு வாரம் வீணாகவில்லை. வீங்கிய, மடங்கிய முட்டியோடு அறுவை சிகிச்சைக்குப் போனால் பிறகு முழுதாக நீட்டுவது கடினம். முன்பே முட்டியை நேராக்கி, முன்தொடைத் தசையை முடிந்த அளவு வலுவாக்கிக்கொண்டு போக வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார். இடுப்பளவு தண்ணீரில் நடக்கச் சொன்னார். நீச்சல் குளத்துக்கு எங்கே போவது? கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசிய நேரம், மன்னார் வளைகுடாப் பக்கத் தென்கடல் கொந்தளித்துக் கிடந்தது. பாக் விரிகுடாப் பக்க வடகடல் குளம் போல இருந்தது. அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் நின்று, வடகடலில் தினமும் அரைமணி நேரம் நடக்க வைத்தோம்.

ஆவணியில் அறுவை சிகிச்சை. பின்தொடைத் தசைநாணிலிருந்து எடுத்த துண்டை ஜவ்வின் இடத்தில் பொருத்தினார்கள், குருத்தெலும்புக் கிழிசலை ஓரத்தில் சீர் செய்தார்கள். சிகிச்சைக்குப் பணம் வாங்கவில்லை. முட்டிக் கட்டு, போக்குவரத்து, அம்மா ஒரு வாரம் மதுரையில் தங்கியது, இவைதான் செலவு. அவளோடு ஆறாம் வகுப்பில் ஆடிய பெண்களும் படகுக்காரர் ஒருவரும் சேர்ந்து கொடுத்தார்கள்.

தேறிய மாதங்கள்

ராமநாதபுரம் பிசியோவிடம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. அதற்கு மேல் பஸ் செலவு தாங்காது. இடைப்பட்ட நாளுக்கு அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார், நான் சரிபார்ப்பேன். ஜிம் கருவிக்குப் பதிலாகப் பழைய சேலைத் துணியில் மணல் பை தைத்தோம். மளிகைக் கடைத் தராசில் நிறுத்து அரைக்கிலோ, ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று எழுதி வைத்தோம். புண் முழுதாக ஆறிய பிறகு மறுபடி கடல். அதற்குள் வாடை தொடங்கி வடகடல் முரண்டு பிடித்தது, இந்த முறை தென்கடலுக்குப் போனோம்.

உடம்பைவிட மனம் கடினமாக இருந்தது. மூன்றாவது மாதம் பத்து நாள் வெளியே வரவில்லை. வலி இல்லை, வீக்கம் இல்லை. அணித் தோழிகள் முகாமுக்குப் போகிற படங்களைப் போனில் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். சொந்தத்தில் ஒரு வரன் பேச்சும் அந்த நேரத்தில் வந்தது. "கால் சரியாகட்டும், அப்புறம் அவ இஷ்டம்" என்று அப்பா முடித்துவிட்டார். நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நால்வரை அவள் வீட்டுக்கு அனுப்பி, பின்னால் நகர்ந்து தடுப்பது எப்படி என்று கேட்கச் சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்தபடியே கையால் காட்டிக் கொடுத்தாள். மறுநாள் மைதானத்துக்கு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

ஐந்தாம் மாதத்தில் வந்த அழைப்பு

பொங்கல் வாரத்தில் முன்பு ஆடிய கிளப்பிலிருந்து போன். பின்வரிசையில் இரண்டு பேருக்குக் காயம், வா, முதலில் பென்ச்சில் இரு, மெதுவாக இறக்குகிறோம் என்றார்கள். இந்த முறை சம்பளம் கூட. மாற்று ஆட்டக்காரியாக நான்கு மாதம் இருந்தாலே வீட்டுக் கடன் பாதி அடையும்.

அன்று இரவு அவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசினோம். அவளுக்குப் போக ஆசை. அம்மாவுக்கும் ஓரளவு ஆசை. நான் வேண்டாம் என்றேன், ஆனால் என் வார்த்தையை மட்டும் வைத்து முடிவெடுக்க விரும்பவில்லை. மறுநாள் காலை பள்ளி வராந்தாவில் டேப் வைத்து அளந்தோம். ஒற்றைக் காலில் நின்று, அதே காலில் குதித்து, அதே காலில் அசையாமல் நிற்க வேண்டும். இடது கால் 132 சென்டிமீட்டர். வலது கால் 94. அதாவது 71 சதவீதம். ஆட்டத்துக்குத் திரும்ப இரண்டு காலுக்கும் வித்தியாசம் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வலது காலில் இறங்கும்போது முட்டி இன்னும் உள்ளே சாய்ந்தது. போனில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிக் காட்டினேன். மே மாதம் செம்மண்ணில் சாய்ந்த அதே கோணம்.

அதோடு இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, பொருத்திய துண்டு ஜவ்வாகவே மாற மாதக்கணக்கில் ஆகும். சிகிச்சை முடிந்து 9 மாதம் ஆகும் முன்பே ஆட இறங்கியவர்களிடம் மறுபடி கிழிவது கணிசமாக அதிகம் என்பது ஆய்வில் தெளிவாகக் கண்டது. இரண்டு, இங்கிலாந்து அணித் தலைவி லியா வில்லியம்சன். அவரும் பின்வரிசைதான். 2023 ஏப்ரலில் இதே ஜவ்வு கிழிந்தது, அந்த ஆண்டு உலகக் கோப்பையையே விட்டுக்கொடுத்தார், 2024 ஜனவரியில்தான் திரும்பினார். உலகத்தின் நல்ல மருத்துவ வசதிகள் அத்தனையும் உள்ளவருக்கே 9 மாதம்.

முடிவைச் சொன்னது அப்பாதான். "எஞ்சின் ரிப்பேரை அரைகுறையா முடிச்சுட்டுக் கடலுக்குப் போனா கரையிலயா நிக்கும்? நடுக்கடல்லதான் நிக்கும்" என்றார். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். மாலையில் அவளே கிளப்புக்குப் போன் போட்டு, இந்த சீசன் வரவில்லை என்று சொன்னாள். எதிர்முனையில் வருத்தம் காட்டினார்கள். ஆனால் சிகிச்சை முடிந்த பிறகு பார்க்கலாம் என்ற உறுதி எதுவும் தரவில்லை. ஆறு வாரம் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

பின் விளைவு

ஏழாம் மாதம் நேர் ஓட்டம், எட்டாம் மாதம் திரும்புவதும் குதிப்பதும், ஒன்பதாம் மாதம் பந்தோடு, ஆனால் ஆள் இல்லாமல். இங்கேதான் மணலின் குறை வெளிப்பட்டது. மணலில் ஊன்றிய கால் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும், உடம்பு திரும்பினால் காலும் கூடத் திரும்பும். அடியில் முளை வைத்த ஸ்டட் ஷூ போட்ட கால் இறுகிய மண்ணிலோ செயற்கைப் புல்லிலோ பதிந்தால் அப்படிக் கொடுக்காது. மணலில் வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு ஓட்டம் வரும், தாங்கும் சக்தி வரும். சட்டென்று நிற்கவும், சின்னச் சின்ன அடி வைத்துத் திரும்பவும் நாங்கள் பழக்குவதில்லை. இது என் அனுபவத்தில் கண்டது, ஆய்வு முடிவு என்று சொல்ல மாட்டேன். அவளை வாரம் இருமுறை ராமநாதபுரத்தில் கெட்டித் தரைக்குக் கூட்டிப் போய், ஒரே நீண்ட அடியில் திரும்பாமல் மூன்று சிற்றடியில் திரும்பப் பழக்கினோம்.

பத்தாம் மாதம் குதித்து அளந்தபோது 95 சதவீதம். பிசியோவும் மருத்துவரும் சம்மதித்தார்கள். அன்று ஜூன் நடுப்பகுதி, தடைக்காலம் முடிந்து அப்பா கடலுக்குப் போயிருந்தார்.

முதல் ஆட்டம் மாநில அளவிலான ஒரு லீக்கில். அரைமணி நேரம் மட்டும். எதிராளிக்கு இரண்டடி விடுகிறவள் நான்கடி விட்டாள். அந்த இடைவெளியில் ஒரு கோலும் வாங்கினாள். பயம் கால் தசையில் இல்லை, அதற்கு மணல் பை கிடையாது. ஆறாவது ஆட்டத்தில்தான் இடைவெளி மூன்றடி ஆனது, அதன் பிறகு இரண்டு. வருஷக் கடைசியில் இரண்டாம் டிவிஷன் கிளப் ஒன்று எடுத்தது. முன்பு வாங்கியதைவிடக் குறைந்த சம்பளம். பொங்கலுக்கு அந்த அழைப்பை ஏற்றிருந்தால் மேல் டிவிஷனிலேயே தொடர்ந்திருப்பாளோ என்று அவள் இன்னும் சில சமயம் கேட்கிறாள். இருந்திருக்கலாம். என்னிடம் அதற்கு உறுதியான பதில் இல்லை. ஒரு முழு சீசன் ஆடி முடித்திருக்கிறாள், முட்டி விலகவில்லை. ஹீமோகுளோபின் 12.6.

நாங்கள் மாற்றியவை, மாற வேண்டியவை

மைதானத்தில் இப்போது ஒரே விதி. மோதாமல் விழுந்து "சத்தம் கேட்டது" என்று சொன்ன பிள்ளை அன்று மறுபடி இறங்காது. நடக்க முடிகிறதா என்று பார்ப்பது பரிசோதனையே இல்லை. வீட்டுக்கும் அதையே சொல்கிறேன்: கட்டுப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்பு ஒருமுறை மருத்துவரிடம் முட்டியை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஃபிஃபா 11 பிளஸ் என்ற 20 நிமிட வார்ம்-அப் பல வருஷமாக இருக்கிறது, கருவி எதுவும் வேண்டாம். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண் ஆட்டக்காரர்களிடம் செய்து 2008-ல் வெளியான ஆய்வில், இதைச் செய்த அணிகளில் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. எனக்கு இது தெரிந்திருந்தும், ஆட்டத்துக்கே நேரம் போதவில்லை என்று தள்ளிப்போட்டேன். இப்போது அதைச் செய்யாமல் பந்தை எடுத்து வெளியே வைப்பதில்லை.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை. முதல் தடவை 22 பிள்ளைகளை அழைத்துப் போனேன், 13 பேருக்கு 12-க்குக் கீழே. அவர்களில் இருவரை நானே "சோம்பேறி" என்று திட்டியிருக்கிறேன்.

கிளப்புகளிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒப்பந்தம் நான்கு மாதமாகவே இருக்கட்டும். முடியும் நாளில் அந்தப் பெண்ணின் ரத்த அளவு, கால் பலம், ஊரில் செய்ய வேண்டிய பயிற்சி மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். செலவு அதிகமில்லை. இவளுக்கு யாராவது அந்தத் தாளைக் கொடுத்திருந்தால் 8.9 என்ற எண் மார்ச் மாதமே தெரிந்திருக்கும், மே மாதம் அவளை அந்தப் பஸ்ஸில் நான் ஏற்றியிருக்க மாட்டேன். இரண்டாம் டிவிஷன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பு அவள் அதைக் கேட்டாள். புருவத்தை உயர்த்தினார்கள், ஆனால் ஒத்துக்கொண்டார்கள். ஆட்டத்தில் வரும் காயத்துக்கு ஒப்பந்தம் முடிந்த பிறகும் சிகிச்சைச் செலவு தர வேண்டும் என்றும் கேட்டாள். அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

சான்றிதழ்கள் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கு உரிய படிவத்தில், உரியவர் கையெழுத்தோடு சான்று வேண்டும். வீட்டில் படுத்திருந்த மாதங்களில் தேடியபோது அவளுடைய இரண்டு சான்றிதழ் கடல் ஈரத்தில் ஒட்டிப் போயிருந்தன, ஒன்று வாங்கப்படவே இல்லை. இப்போது பள்ளி பீரோவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு உறை வைத்திருக்கிறேன்.

இந்த வருஷத் தடைக்காலத்தில் அவள் ஊரில்தான் இருக்கிறாள். கிளப் கொடுத்த தாள் திண்ணைச் சுவரில் ஒட்டியிருக்கிறது, செய்து முடித்ததை அம்மா பென்சிலால் டிக் அடிக்கிறார். போன வாரம் அதே செவன்ஸ் போட்டிக்கு மறுபடி ஆள் கேட்டு வந்தார்கள். தரை என்ன தரை, ஒரு நாளில் எத்தனை ஆட்டம் என்று அவள்தான் கேட்டாள். மூன்று ஆட்டம் என்றார்கள். ஒன்றுக்கு மட்டும் வருகிறேன் என்றாள். அவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.